மூச்சில்லாமல் ஐம்பது மீட்டர்

உங்கள் பேனா வழவழவென்று எழுதுகிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

ஃப்ரீஸ்டைல் நீச்சலில் கைகால் வீசுவது யாருக்கும் வந்துவிடும். மூச்சுதான் சரக்கு, மற்றதெல்லாம் பொட்டலத் தாள். தண்ணீருக்குள் குமிழி விட வேண்டும். தலையைத் தூக்காமல் தோளோடு திருப்பி, வாயோரமாக ஒரு வாய் காற்றைத் திருட வேண்டும். தூக்கினால் இடுப்பு அமிழும். என் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, கோழி தண்ணீர் குடிப்பதுபோல் ஒவ்வொரு மூச்சுக்கும் தலையைத் தூக்குவான்.

சந்தை வளாகத்தில் மூலைக் கடை காலியானது. இரண்டு வாசல், இரண்டு தெரு. திரைச்சீலை விற்கும் நான் கேட்டேன். விளக்கு விற்கும் அவனும் கேட்டான். சங்கத் தலைவர், "குடும்பத்துக்குள்ளயே முடிச்சுக்குங்கப்பா" என்று கைகழுவினார். மறுநாள் காலை, நாங்கள் இருவரும் கோச்சிடம் பழகும் நீச்சல் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து முடித்தோம். ஐம்பது மீட்டர், குறைந்த மூச்சில் முடிப்பவனுக்குக் கடை.

"பன்னெண்டு மூச்சு," என்றேன்.

"எனக்கு எட்டு போதும் அத்தான்."

"அஞ்சு."

"மூணு. என்ன, வேர்க்குதா?"

"தண்ணியில யாருக்குடா வேர்க்கும்? ரெண்டு."

"மூச்சே வேணாம், போங்க."

எதிராளியை மொட்டைமாடி வரை ஏற்றிவிட்டு ஏணியோடு நடையைக் கட்டுவது எங்கள் தெருவில் தவழும் குழந்தைக்கும் தெரியும். சிரிப்பை அடக்க முடியவில்லை எனக்கு. "சரி, நீயே நீந்து. தலையத் தூக்கினா கடை எனக்கு. சரிபாக்க நான் பக்கத்துலயே வரேன்," என்றேன்.

ஒரு யோசனையும் இலவசமாகக் கொடுத்தேன். "மொதல்ல வேகவேகமா மூச்ச இழுத்து விட்டுக்கடா. அப்புறம் உடம்பு காத்தே கேக்காது."

உண்மைதான், கேட்காது. காற்று தீர்ந்தபிறகும் கேட்காது; சொல்லாமல் கொள்ளாமல் மயக்கம் தட்டும். அதனால்தான் கோச் அதைச் செய்யவே கூடாதென்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தார். மைத்துனன் சுவரைப் படிக்கிற ஆள் இல்லை, நான் படிப்பேன். ஸ்டாப்வாட்ச் எடுத்துவரச் சொல்லி கோச்சை அறைக்கு அனுப்பினேன்.

என்ன அழகாக நீந்தினான் தெரியுமா? தலை தூக்கவே இல்லை, இடுப்பு தக்கைபோல் மிதந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. எதிர்ச்சுவரைத் தொட்டுத் திரும்பினோம். நான்கு வீச்சுக்கு ஒருமுறை அவன் பக்கம் திரும்பி மூச்செடுத்தேன். முதல் மூச்சில் கை வீசிக்கொண்டிருந்தான். அடுத்ததில் கை தொங்கியது. அதற்கடுத்ததில் அவன் குளத்தின் அடியில் டைல்ஸ்மேல் கிடந்தான். ஆழம் அதிகமில்லை, நின்றால் எனக்கு நெஞ்சளவு.

கோச் வந்து தூக்கியபோது உயிர் இல்லை. நான் அவனைத் தொடவே இல்லை, ஐயா. அதை அடிக்கோடிட்டு எழுதுங்கள்.

என் மனைவி ஒன்றுதான் கேட்டாள். "பக்கத்துலதானேங்க நீந்துனீங்க, அவனப் பாக்கலையா?"

பார்க்கவில்லை என்றேன். பொய் சொல்லவில்லை. சுவரைத் தொட இன்னும் எட்டு வீச்சு இருந்தது. அந்த இரண்டு மூச்சையும் மறுபக்கம் திரும்பித்தான் எடுத்தேன்.