மழைக்கு ஒரு டேப்பு, வெயிலுக்கு ஒரு டேப்பு

இல்ல மாமா, எந்திரிக்காதீங்க, டீயெல்லாம் வேணாம், இப்பதான் குடிச்சேன். உக்காருங்க. ஸ்டுடியோவோட அம்பதாவது வருஷ மலர் நாளைக்குக் காலையில பிரஸ்ஸுக்குப் போகுது. ஒரு எடத்துல மட்டும் சந்தேகம். முப்பது வருஷம் அங்க டேப் ஓட்டினவரு நீங்க, வேற யாரப் போய்க் கேப்பேன்?

ஐயோ, நான் எழுதினதப் படிச்சா அசந்துடுவீங்க! டயர் குடோனுக்கு மேல ஒரே ரூம்ல ரேடியோ ஆரம்பிச்சாங்களே, அதுலேர்ந்து எழுதியிருக்கேன். சுவரு பூரா முட்டை அட்டை ஒட்டினது, நியூஸ் வாசிக்கறப்ப சத்தம் வருதுன்னு ஃபேன நிறுத்தினது, வாசிக்கறவரு வேர்வையில பேப்பர்ல மை பரவினது... எல்லாம். அப்புறம் டிவி வந்துச்சா, ஒரே ஒரு கேமரா! அத அடுத்த மூலைக்குத் தள்ளிட்டு வர்ற வரைக்கும் நாடகத்துல அழறவங்க அழுதுட்டே இருக்கணுமாம்... என்னது, தள்ளினதே நீங்கதானா? அடப்பாவமே, யாருமே சொல்லலியே! இருங்க இருங்க, எழுதிக்கறேன்.

சரி, விஷயத்துக்கு வரேன். அஞ்சாவது அத்தியாயம் முழுக்க எங்கப்பா. ஆமா, பத்து மணி அண்ணன். ஞாயித்துக்கிழமை பத்துலேர்ந்து பன்னெண்டு, பதினோரு வருஷம், எல்லாம் நேரடி, ஒரு வாரம்கூட லீவு கிடையாது. தலைப்பே ஒரு ஞாயிறும் தவறாதவர்னுதான் வெச்சிருக்கேன். புது ஸ்டுடியோவுக்கும் அவரு பேருதான், தெரியுமில்ல? புதன்கிழமை அம்மா ரிப்பன் வெட்டறாங்க. மூணு நாளா பீரோவுலேர்ந்து புடவைய எடுக்கறதும் வைக்கறதுமா இருக்காங்க.

எங்க வீட்ல ஞாயித்துக்கிழமைன்னா அப்பா இருக்க மாட்டாரு மாமா. ரேடியோதான் அப்பா. சமையல்கட்டு அலமாரியில உக்காந்துட்டுப் பேசுவாரு. மணி பத்து ஆகி நாலு நிமிஷம்பாரு, நான் ஓடிப்போய் கடிகாரத்தப் பாப்பேன், டாண்ணு இருக்கும். வெளிய மழைம்பாரு, ஜன்னல்ல எட்டிப் பாத்தா மழை! அப்பா இருக்கற எடத்துலயும் இதே மழைதான்னு எனக்கு அப்பிடி ஒரு குஷி.

போன வாரம் பழைய டேப் ரூமத் தொறந்தேன். மூலையில ஒரு இரும்பு பீரோ. பாத்தா உள்ள அத்தனையும் அப்பா! குதிச்சிட்டேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமைக்கும் ரெண்டு ரெண்டு டேப்பு. ஒரே தேதி. ஒண்ணு மேல வெயில்னு எழுதியிருக்கு, இன்னொண்ணு மேல மழைன்னு.

என்ன மாமா, கீழ பாக்கறீங்க?

போட்டுக் கேட்டேன். ரெண்டுலயும் அதே பாட்டு, அதே நேயர் கடிதம். ஒண்ணுல, வெயிலு கண்ணு கூசுதுங்கறாரு. இன்னொண்ணுல, குடைய மறக்காதீங்கங்கறாரு. வெள்ளிக்கிழமையே ரெண்டையும் பேசி வெச்சிடுவாரு. ஞாயித்துக்கிழமை நீங்க வானத்தப் பாத்துட்டு ஒண்ண எடுத்து, சரியா பத்துக்கு பட்டனத் தட்டிடுவீங்க. மணியும் சரி, மழையும் சரி. என்ன மூளை! நெஜமா சொல்றேன், மொத ரெண்டு நிமிஷம் கை தட்டணும்போல இருந்துச்சு. ஏதோ நாலஞ்சு வாரம் உடம்பு முடியாம பண்ணியிருப்பாருன்னு நெனச்சு எண்ண ஆரம்பிச்சேன். ஒம்பது வருஷத்துக்கு இருக்கு மாமா.

எங்க போனாருன்னு நான் கேக்கல. அவரு செத்தே மூணு வருஷம் ஆச்சு. சீட்டாடினாரோ, எங்கயாவது படுத்துத் தூங்கினாரோ, யாரு வீட்டுக்காவது... வேணாம் மாமா, வாயத் தொறக்காதீங்க. அது எனக்கு வேணாம்.

தம்பிக்கு ஒன்றரை வயசு, ஞாபகம் இருக்கா? எனக்கு ஏழு. ஞாயித்துக்கிழமை காலையில காய்ச்சல்ல ஒடம்பு கொதிக்குது, கண்ணு சொருகுது. அம்மா பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய் ஸ்டுடியோவுக்குப் போன் போட்டாங்க. நான் அவங்க புடவையப் பிடிச்சிட்டு நிக்கறேன். நீங்கதான் எடுத்தீங்க. தங்கச்சி, நேரடி ஓடிட்டிருக்கு, இப்ப கதவத் தொறக்க முடியாது, பன்னெண்டு மணிக்கு முடிஞ்சதும் நானே அனுப்பி வைக்கறேன்னு சொன்னீங்க. அப்ப மணி பத்தே காலு. அம்மாவும் சரின்னு போன வெச்சிட்டு வந்து உக்காந்துட்டாங்க. அப்பா கொரலக் கேட்டா அவன் அடங்குவான்னு ரேடியோவ எடுத்து அவன் தலமாட்டுல வெச்சாங்க. ஈரத் துணிய மாத்தி மாத்திப் போட்டாங்க. பதினொண்ணே முக்காலுக்கு அவனுக்கு மூச்சில்ல.

இந்தாங்க, அன்னிக்கு டேப்பு. வெயில். மேல உங்க கையெழுத்து.

அம்மா இன்னி வரைக்கும் அப்பாவ ஒரு வார்த்தை சொன்னதில்ல, தெரியுமா? அத்தன பேர் கேட்டுட்டிருக்கறப்ப மனுஷன் பாதியில எந்திரிச்சு எப்பிடி வருவாருன்னு ஊருக்கெல்லாம் அவங்கதான் சமாதானம் சொல்வாங்க. புதன்கிழமை மேடையிலயும் அதத்தான் பேசப் போறாங்க. எழுதி, எங்கிட்டப் படிச்சுக் காட்டினாங்க. நல்லா இருக்காடீன்னு கேட்டாங்க. நல்லா இருக்கும்மான்னுட்டேன்.

அவரு இங்க இல்ல தங்கச்சி, நீ புள்ளையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுன்னு சொல்ல எவ்வளவு நேரம் மாமா ஆயிருக்கும்?