வலிக்கவில்லை என்று சிரித்தவர்

எண்பதுகளின் தொடக்கம். பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்குப் போகும் காலை பஸ். எனக்கு முன் இருக்கையில் ஓர் இளம் பெண்ணும், அவளை ரயிலேற்றிவிட வந்த அத்தையும்.

"அந்தம்மா கத்தியிருந்தா நான் நிறுத்தியிருப்பேன் அத்தை."

ஏதோ ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டில் அவள் பிசியோதெரபி பயில்கிறாள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"யாரு, மலையில வழுக்கி விழுந்துச்சுன்னு சொன்னியே, அந்தத் தேயிலைக் கொழுந்து எடுக்கிற பொம்பளையா?"

"ஆமா. கால்ல போட்ட மாக்கட்டு பிரிச்சதும் முழங்கால் மடங்கல. எங்களுக்குச் சொல்லிக்குடுக்கிற மிஸ் கொஞ்சங்கொஞ்சமா மடக்கச் சொன்னாங்க. வலிக்குதாம்மான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டேன். இல்லீங்கன்னு சிரிச்சாங்க. வலிக்கலதானேன்னு இன்னும் அழுத்தினேன். உள்ளுக்குள்ள டக்குன்னு ஒரு சத்தம்."

"அப்பவும் கத்தலியா?"

"இல்ல. பெட்ஷீட்டை இறுக்கிப் புடிச்சாங்க, அவ்வளவுதான். சாயங்காலம் பாத்தா கால் வீங்கிக் கெடக்கு. மிஸ்கிட்ட சொல்லப் பயந்து லீவுல ஓடியாந்துட்டேன். எலும்பு மறுபடி ஒடஞ்சிருந்தா என்ன செய்வேன்?"

அத்தை அவள் பக்கம் திரும்பினாள்.

"காலைல வேலைக்குப் பேரு குடுக்கிற பெரட்டுல நிக்கிறப்ப வலிக்குதுன்னு சொன்னா, மேப்பார்வை பாக்குற கண்டாக்கையா வேலை இல்லன்னு லயத்து வீட்டுக்கே திருப்பிருவாரு. நாங்க யாருகிட்ட சொல்லிப் பழகினோம்? லயத்துல பொறந்த ஒனக்குமா தெரியல?"

"போன ஒடனே மிஸ்கிட்ட சொல்லிடறேன் அத்தை."

வளைவில் பஸ் தூக்கிப் போட்டது. அத்தை இடுப்பைப் பிடித்துக்கொண்டு கண்களை இறுக மூடினாள்.

"இடுப்பு வலிக்குதா அத்தை?"

"இல்லம்மா" என்று சிரித்தாள் அத்தை.