அங்காயி கைப் பாக்கு

முன்னொரு காலத்தில், கமுகம்பாளையத்தில் பொங்கியண்ணன் என்று ஒருத்தன் இருந்தானாம். எங்கள் வம்சம்தான். அதற்காக மரியாதை போட்டுச் சொல்ல மாட்டேன். கேட்பதானால் கேளுங்கள்.

ஊரைச் சுற்றிக் கமுகுத் தோப்பு. பந்தக்கால் நட அந்த மரம். பந்தியில் சோறு போட அதன் மட்டை. வாக்குக் கொடுக்க அதன் காய். தட்டில் நீட்டிய பாக்கைப் பெண்ணைப் பெற்றவன் எடுத்து மென்றால், பெண் கொடுத்தாயிற்று. கையில் இருக்கிற பாக்கைத் திருப்பித் தரலாம். மென்றதைத் தர முடியுமா?

பொங்கியண்ணனுக்குத் தோப்பு கிடையாது. வாய் மட்டும் இருந்தது. மகள் அங்காயியைக் கேட்டு வந்தார்கள். கீழூர்க்காரன் தட்டை நீட்டினான். இவன் மென்றான். ஆற்றங்கரைக்காரன் நீட்டினான். அதையும் மென்றான். அப்புறம் மலையடிவாரத்தான் ஒருத்தன், "மாமா, நீங்க பெரிய மனுசன்" என்றானாம். போதாதா? அதையும் மென்றான். பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தூ.

தை பிறந்தது. மூன்று வீட்டாரும் ஒரே காலையில் அரிவாளோடு வந்து நின்றார்களாம். பெண்ணைக் கொடு, இல்லாவிட்டால் தலை உருளும் என்று சத்தம். ஊர்ப் பெரியவர்கள் என்ன செய்தார்கள்? வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, சீட்டுக் குலுக்கலாம், விழுந்தவனுக்குப் பெண் என்றார்களாம். பெரிய தீர்ப்பு. ஆட்டுக்குட்டியைக்கூட எவனும் அப்படிக் கொடுக்க மாட்டான். பொங்கியண்ணன் அதற்கும் தலையாட்டினான்.

அங்காயி வெளியே வந்தாளாம்.

"பாக்கை மென்னது யாருங்க?"

"உங்கப்பன்" என்றான் கீழூர்க்காரன்.

"அப்ப மென்னவரையே கூட்டிட்டுப் போங்க. சோறு கொஞ்சம் கூடத் தின்பாரு. மத்தபடி தொந்தரவு இல்லை."

முதலில் பெண்கள் சிரித்தார்களாம். பிறகு ஊரே சிரித்தது. ஊர் சிரிக்கும்போது அரிவாளை ஓங்கினால் எவன் மதிப்பான்? மூன்று வீட்டாரும் அவனைத்தான் இழுத்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு வீட்டுக் களத்திலும் உட்காரவைத்துப் பாக்கு உரிக்கவிட்டார்களாம். நகமெல்லாம் கறுத்துத் திரும்பி வந்தான் பெரிய மனுசன்.

அடுத்த தையில் ஒருத்தன் வந்து, பாக்கை அங்காயி கையில் வைத்தான். அவனை நிமிர்ந்து பார்த்தாள். கேட்க வேண்டியதைக் கேட்டாள். அப்புறம்தான் மென்றாள். அவன் பேர் இன்றைக்கு எவனுக்கும் ஞாபகமில்லை. அவள் பேரைச் சொல்லித்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள், அங்காயி வகையறா என்று.

அன்றிலிருந்து எங்கள் ஊரில் நிச்சயப் பாக்கு பெண் கைக்குத்தான் போகும். அவள் மெல்லுகிற வரைக்கும், அவளைப் பெற்றவன் கையை அவன் துண்டாலேயே பின்னால் கட்டிவிடுவோம். எத்தனை பெரிய உத்தியோகத்தில் இருந்தாலும் சரி. போன வருசம் ஒருத்தன், கௌரவக் குறைச்சல் என்று முறைத்தான்.

அவனுக்கு இரண்டு முடிச்சுப் போட்டேன்.