ஆடிட்டர் மேடம் வர்ற வரைக்கும்

சார், ஒரு காமெடி கீது. கேட்டீங்கோ, வவுறு புண்ணாப்பூடும். இருங்க, இப்பவே இல்ல. சர்டிபிகேட்டைப் புதுப்பிக்க ஆடிட்டர் மேடம் பதினோரு மணிக்குத்தானே வர்றாங்கோ? அதுவரைக்கும் சும்மா குந்திகினு இன்னா பண்ணப்போறீங்க?

நானா? சௌமியா, ப்ளஸ் டூ. காசிமேட்டுல மீன் விக்கிற கோவிந்தம்மா பொண்ணு. நாபகம் வரல? எங்கம்மா டிபி ரிப்போர்ட்டு உங்க கம்பெனி ஆப்லதான் சார் வந்துச்சு. போன் நம்பர் போட்டா போதும், யாருக்கு வேணா தொறந்துக்கும். பாஸ்வேர்டு இல்ல, ஓடிபி இல்ல. பக்கத்துக் கடை ரூத் அக்கா போட்டுப் பாத்துச்சு. மறுநா மார்க்கெட்டு முழுக்க அதே பேச்சு. ரூத் அக்கா கொரல்லயே சொல்றேன்: ஐயே, அவகிட்டயா வாங்கற? இருமி இருமித்தான் வஞ்சிரம் வெட்டுவா!

மருந்து தின்னு எங்கம்மாக்கு நல்லாயிடுச்சு, டாக்டரே சொல்ட்டாரு. மீனுதான் இன்னும் கூடையோட வூட்டுக்கே திரும்பி வருது.

கேக்க வந்தோமே, சொவுத்துல தொங்குற இத்தக் காட்டி இன்னா சொன்னீங்கோ? உங்க கொரலு எனக்கு சூப்பரா வரும். இத பாரும்மா, டேட்டா செக்யூரிட்டி சர்டிபிகேட்டு. எங்ககிட்டேர்ந்து எதுவும் வெளிய போகாது. நீயே எங்கயாவது உளறியிருப்ப. கரீட்டா கீதா? எங்கம்மா சரிங்க சார்னு கும்புட்டுட்டு வந்துச்சு. நான் கும்புடல.

காமெடியா? வருது, வருது.

கொரலுதான் சார் எனக்கு வெளையாட்டே. ஒரு தபா ஹெச்.எம். கொரல்ல மைக்குல லீவு வுட்டேன், பாதி ஸ்கூலு வண்ணாரப்பேட்டைல மெட்ரோ ஏறிடுச்சு.

இன்னா, வாட்சையே பாக்குறீங்கோ? ஆஸ்பத்திரிகாரங்களும் இன்னிக்குத்தானே காண்ட்ராக்ட்ல கையெழுத்துப் போட வரணும்? எண்ணூர் வரைக்கும் அவங்க கிளினிக்ல எல்லாம் உங்க ஆப்தானாமே. எனக்கு எப்டித் தெரியுமா? நீங்கதான் மேடத்துகிட்ட சொன்னீங்கோ.

மேடம் மூணு தபா போன் பண்ணாங்க. நீங்க யாரு, எந்தக் கம்பெனின்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? டேட்டா செக்யூரிட்டி சார் நீங்கோ! எதெது பண்ணலன்னு ஒரு மெயில் போடுங்க, நான் பாத்து அட்ஜஸ்ட் பண்றேன்னாங்க. போட்டீங்கோ. ரிப்போர்ட்டுக்கு லாக் இல்ல, டெஸ்ட்டே பண்ணல, போன தபா சர்டிபிகேட்டுக்கு வேற கம்பெனி பேப்பர்ல பேர மாத்திக் குடுத்தோம். கீழ உங்க கையெழுத்து. அந்த மெயிலு காலீலயே ஆஸ்பத்திரிக்குப் பூட்ச்சு சார். அவங்க வரமாட்டாங்கோ.

கத்தாதீங்க. உங்க நம்பரையும் ஆப்ல போட்டுப் பாத்தேன். உங்க ரிப்போர்ட்டும் தொறந்துச்சு. நான் யாராண்டயும் சொல்லல. சர்டிபிகேட்டு இல்லாமலே வாய மூடிகினு கீறேன்.

நம்பலையா? மேடத்துக்குப் போன் போடுங்க. நம்பர் கீதுல்ல, போடுங்க.

ம்... ரிங்கு போவுதா? எங்கேர்ந்து கேக்குது? என் ஸ்கூல் பேக்லேர்ந்தா? இருங்க, எடுக்கறேன்.

ஹலோ, மிஸ்டர் செங்குட்டுவன்? குட் மார்னிங். ஆடிட்டர் மோகனப்ரியா பேசறேன்.

இன்னா சார், இதான் காமெடி. சிரிக்கவே காணோம்?