முகங்காட்டிப் பாறை

மலையடிவாரத்துக்கு ரயில் வராத காலம். ஜமீன் அரண்மனை வாசலில் யானை கட்டியிருந்த காலம். அந்தக் காலத்தில் கடம்பனேரி என்று ஓர் ஊர். ஊருக்கு ஒரு கண்மாய், கண்மாய்க்கு ஒரு மடை, மடைக்கு மேலே ஒரு பாறை, நாற்பத்திரண்டு வீடு. இவ்வளவுதான் ஊர். அதில் ஒரு வீட்டுக்காரி உலகாயி. இன்றைக்கும் எங்கள் ஊரார் எல்லாரும் தங்களை உலகாயி வம்சம் என்று சொல்லிக்கொள்வார்கள். அது எவ்வளவு சரி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மடையைத் திறந்து மூடுகிற மடைக்காரனை அரண்மனைதான் நியமிக்குமாம். அவன் அரண்மனை வயலுக்கு முதலில் திறப்பான். அரண்மனைக்கு வேண்டியவர்களுக்கு அடுத்துத் திறப்பான். மிச்சம் இருந்தால் ஊருக்கு. மூன்று வருஷம் மிச்சம் இருக்கவில்லை. ஊர்ப்பயிர் மூன்று முறை கருகியது. மூன்றாவது முறை கருகிய அன்று, உலகாயியின் புருஷன் மொக்கையன் அரண்மனை வாசலில் போய் நின்றானாம்.

"மடைக்காரனை இனிமே ஊர் கூடித் தேர்ந்தெடுக்கும், சாமி. அவன் தப்புப் பண்ணினா ஊரே மாத்தும். இதுதான் நாங்க கேக்கிறது."

ஜமீன்தார் வாசலில் கிடந்த தொழுமரத்தை மட்டும் கையால் காட்டினாராம். ஆளின் கால்களைத் துளையில் விட்டுப் பூட்டுகிற கனத்த கட்டை அது. மொக்கையனை அதில் மாட்டினார்கள்.

ஊர் பாறையடியில் கூடியது. உலகாயி அழவில்லை. அவள் பேசியது நாலைந்து வரி என்பார்கள்.

"அரண்மனை நெல்லு பழுத்து நிக்குது. இன்னும் ஒரு மாசம் போனா கதிர் தானா கொட்டிப்போகும். பக்கத்து ஊர்லயும் அறுப்புக் காலம். நம்மளை விட்டா அறுக்க ஆளில்லை. எந்த வீட்டிலேருந்தும் அருவா போகாம இருந்தா, உரிமையும் வரும், மனுஷனும் வருவான்."

எல்லாரும் பாறையைத் தொட்டு ஒப்புக்கொண்டார்கள். அரண்மனை வீடு வீடாகப் பிரித்துவிடும் என்ற பயம் இருந்ததால், ஓர் ஏற்பாடும் செய்துகொண்டார்களாம். விடிகிற வேளையில் வீட்டுக்கு ஒருவர் பாறையடிக்கு வர வேண்டும். உலகாயி மேலே நின்று ஒவ்வொரு வீடாகக் கூப்பிடுவாள். கீழே நிற்பவர் "உண்டு" என்பார். தன் வீட்டை மட்டும் அவள் கூப்பிடுவதில்லை, கூப்பிடுகிறவளே அவள்தானே.

அது மார்கழி. மலையிலிருந்து இறங்குகிற பனி பாறையின் இடுப்பு வரை நிற்கும். மேலே நிற்பவளுக்குக் கீழே முகம் தெரியாது. கூப்பிடுவாள், உண்டு என்பார்கள். கூப்பிடுவாள், உண்டு என்பார்கள்.

முதல் வாரம் ஒரு வீடும் தவறவில்லை.

ஊர்க்கோடியில் காத்தாயி என்று ஒருத்தி. கோரை அறுத்துப் பிழைத்தவள், ஒற்றை ஆள், பிறவி ஊமை. பெயரைக் கூப்பிட்டால் "உண்டு" என்று சொல்ல அவளால் முடியாது. ஆகவே அவள் பனிக்குள்ளிருந்து பாறை மேல் ஏறி வந்து, உலகாயிக்கு எதிரே முகத்தைக் காட்டிவிட்டு இறங்கிப் போவாளாம். அவள் ஏறி இறங்குகிற வரை மற்றவர்கள் குளிரில் காத்து நிற்க வேண்டியிருந்தது. முணுமுணுத்தார்கள்.

"நீ எதுக்கு ஆத்தா தினம் ஏறி எறங்குறே? உன் வீட்டுக்கு நானே சொல்லிக்கிறேன்" என்றாளாம் உலகாயி.

காத்தாயி தலையை ஆட்டி மறுத்தாள். மறுநாளும் ஏறி வந்து முகத்தைக் காட்டினாள். அவள் ஊமை மட்டுமா, பிடிவாதக்காரியும் என்று சிரித்தார்கள்.

ஆனால் சொன்ன சொல் சொன்னதுதானே. மறுநாளே கொண்டப்பன் என்ற கிழவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"ஊமைக்கு ஒரு ஞாயம், இருமுறவனுக்கு ஒரு ஞாயமா? பனி நெஞ்சைக் கிழிக்குது, தாயி. என் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுச் சடையன் கொரல் குடுக்கட்டுமே."

"பெருசு வராம இருந்தாத்தான் நல்லது. அது இருமுற இருமல்ல நம்ம பேரே காதுல விழமாட்டேங்குது" என்றான் சடையன்.

எல்லாரும் சிரித்தார்கள். உலகாயியும் சிரித்துவிட்டாள். அவள் செய்த தப்பு அந்தச் சிரிப்புத்தான். அன்றிலிருந்து ஒருவர் இரண்டு வீட்டுக்குக் குரல் கொடுத்தார். பிறகு மூன்று வீட்டுக்கு. பாறை மேல் நிற்பவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. நாற்பது வீடு கூப்பிட்டாள், நாற்பது உண்டு வந்தது. அது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்ததாம்.

இதே சமயத்தில் அரண்மனைக் காரியக்காரர் ஊருக்குள் வந்தார். சேவகர்கள் இல்லை, சவுக்கு இல்லை. ஒரு நாளைக்கு ஒரு வீடு. அதுவும் பகலில், சொந்தக்காரர் மாதிரி வந்து உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தார்.

"உன் வயலுக்கு மட்டும் நாளைக்கே தண்ணி வரும், சடையா. ஊரை விட்டு நீ விலக வேண்டாம். யார் விலகச் சொன்னா? தினம் பாறைக்கு உன் கொரல் போகட்டும். மலைக்குப் பின்பக்கமா ஓர் ஆளை மட்டும் அறுப்புக்கு அனுப்பு. முகத்துல துண்டைச் சுத்திக்கிட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

சடையன் யோசித்தானாம். நான் ஒருத்தன் போனால் என்ன, மிச்ச வீடெல்லாம் நிற்கிறதே என்று நினைத்தானாம். விடியலில் அத்தனை உண்டு கேட்கிறதே, அதைவிட என்ன சாட்சி வேண்டும்? அடுத்த வீட்டுக்காரனும் அப்படியே நினைத்தான். அதற்கு அடுத்தவனும் அப்படியே. காரியக்காரர் எல்லா வீட்டிலும் மோர் குடித்தார்.

அரண்மனை வயலில் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தார்கள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. முகம் மூடியிருந்தவன் முகம் மூடியிருந்தவனிடம் என்னவென்று கேட்பான்?

நாலாவது வாரம் கொண்டப்பக் கிழவர் இறந்துபோனார். பகலிலேயே அடக்கம் முடிந்தது. மண் போட்டவர்களில் உலகாயியும் ஒருத்தி. அந்தக் குடும்பம் அன்றைக்கே சம்பந்தி ஊருக்கு வண்டி கட்டிப் போய்விட்டது.

மறுநாள் விடியல். பனி என்றும் இல்லாத அடர்த்தி. உலகாயி பழக்க தோஷத்தில் வரிசை மாறாமல் கூப்பிட்டாளாம்.

"சடையன் வீடு?"

"உண்டு."

"கொண்டப்பன் வீடு?"

முதலில் ஓர் இருமல் கேட்டது. நெஞ்சைக் கிழிக்கிற அதே இருமல். பிறகு, "உண்டு."

அவள் பாறை விளிம்புக்கு வந்தாள். பிறகு, அதுவரை கூப்பிடாத ஒரு வீட்டைக் கூப்பிட்டாள்.

"மொக்கையன் வீடு?"

அது அவளுடைய வீடு. அவளைத் தவிர அங்கே ஆள் கிடையாது.

"உண்டு" என்றது பனி.

எதிரே மலை இருக்கிறது, எதிரொலியாக இருக்கும் என்பார்கள் சிலர். எதிரொலி கூப்பிட்டதைத்தான் திருப்பிச் சொல்லும்; கேள்விக்குப் பதில் சொல்லாது. நான் படித்தவள். ஆனாலும் இதற்கு விளக்கம் தெரியும் என்று பொய் சொல்ல மாட்டேன்.

உலகாயி பாறையை விட்டு இறங்கினாள். பனிக்குள் கையை நீட்டித் துழாவிக்கொண்டே நடந்தாள். தோள் தட்டுப்படவில்லை. துணி தட்டுப்படவில்லை. குனிந்து பார்த்தாள். புல் மடங்காமல் நிமிர்ந்து நின்றது, அதன் மேல் பனித்துளி கலையாமல் இருந்தது. பல நாளாக அங்கே கால் படவில்லை. ஒரே ஓர் ஒற்றையடித் தடம் மட்டும் மிதிபட்டுக் கிடந்தது. அந்தத் தடத்தில் காத்தாயி நடந்து வந்துகொண்டிருந்தாள், முகத்தைக் காட்டிவிட்டுப் போக.

உலகாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். காத்தாயி மலைக்குப் பின்பக்கம் கை காட்டினாள். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. சொல்வதற்குத்தான் வாய் இல்லை. கோரை அறுக்கப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறாள். ஜாடையில் காட்டியும் இருக்கிறாள். உண்டு உண்டு என்று கேட்டுக்கொண்டிருந்தவள் ஜாடையைக் கவனிக்கவில்லை.

இரண்டு பேரும் கண்மாய்க் கரை மேல் ஏறி, ஊரிலிருந்து கண்ணுக்குத் தெரியாத மலைப் பின்பக்கம் வரை போனார்கள். வெயில் வந்தது, பனி விலகியது. அரண்மனை வயல் முழுக்க அறுப்பாட்கள். பெரும்பாகம் அறுத்தாகிவிட்டது. கட்டுகள் களத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. எல்லா முகத்திலும் துண்டு. ஒரு பேச்சில்லை, ஒரு பாட்டில்லை. அரிவாள் சத்தம் மட்டும்.

உலகாயி கரையில் நின்று, பாறை மேல் நின்று கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டாளாம்.

"சடையன் வீடு?"

வயலில் ஓர் உருவம் நிமிராமலே, அரிவாளை நிறுத்தாமலே, "உண்டு" என்றது.

அடுத்த வீட்டைக் கூப்பிட்டாள். "உண்டு." அதற்கு அடுத்த வீடு. "உண்டு." அவள் கூப்பிடக் கூப்பிட, குனிந்த முதுகுகள் உண்டு உண்டு என்றன, கதிர் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு முகமும் திரும்பவில்லை.

பாதி வரிசையிலேயே அவள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

அறுப்பு முடிந்த மூன்றாம் நாள், மொக்கையனை அரண்மனையே கட்டிலில் வைத்து அனுப்பிவிட்டதாம். இனி அவனை வைத்திருந்து அவர்களுக்கு என்ன பயன்? இரண்டு காலும் விளங்கவில்லை. கட்டிலை இறக்கிவைத்ததும் அவன் கேட்டது ஒன்றே ஒன்று.

"எத்தனை வீடு நின்னுச்சு?"

"நம்மளைத் தவிர ஒண்ணு" என்றாள் உலகாயி. "கொரல் வராத வீடு."

சடையன் வயலுக்கு அந்த ஒரு வருஷம் தண்ணீர் வந்தது. அடுத்த வருஷம் இல்லை. மடைக்காரனை அரண்மனையே நியமித்தது, அரண்மனை இருந்த வரைக்கும்.

உலகாயிக்குப் பிள்ளை கிடையாது. காத்தாயிக்கும் கிடையாது. ஆக நாங்கள் யாருடைய வம்சம்? மிச்சம் நாற்பது வீடு இருந்ததே, அவற்றில் ஏதோ ஒன்று. உலகாயி வம்சம் என்று இனி ஒருவரும் என் காதுபடச் சொல்ல வேண்டாம்.

அவள் விட்டுப்போனது ஒரு வழக்கம். கடம்பனேரியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் குரல் கொடுக்க மாட்டார்கள். எழுந்து வந்து எதிரே நின்று முகத்தைக் காட்டுவார்கள். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வரும் ஆசிரியர்கள் திகைத்துப்போவார்கள்; வருகைப் பதிவு எடுத்தால் "உள்ளேன் ஐயா" என்று ஒரு பிள்ளையும் சொல்லாது, ஒவ்வொன்றாக நடந்து வந்து மேசைக்கு முன்னால் நிற்கும். நேரம் ஆகத்தான் ஆகும். ஆகட்டும்.

பாறைக்கு முகங்காட்டிப் பாறை என்று பெயர். இன்றைக்கும் மார்கழிப் பனி இறங்கினால் அங்கே யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. உங்கள் பெயர் உட்பட எந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் அங்கே பதில் வருமாம். குரல்கள் ஒன்று தவறாமல் அங்கேயே நிற்கின்றன. இறங்கிப் பார்த்தால், புல்லின் மேல் பனித்துளி கலைந்திருக்காது.