தேரியிலிருந்து ஒரு பிடி மண்

எழுபத்திரண்டு, ஆடி மாசம். ராத்திரி மணி ஒன்று. அடையாறில் அந்த ரோட்டில் அப்போது மூணே வீடு... மிச்சமெல்லாம் சவுக்குத் தோப்பு. கடைசி வீட்டில் இருந்தவள் முத்துலட்சுமி. என் சிநேகிதி ஜெயபாரதிக்குச் சித்தி மகள். கல்யாணமாகி அப்போதுதான் மெட்ராஸ் வந்திருந்தாள்.

தூக்கத்தில் ஒரு சத்தம். சரக்... சரக்... யாரோ மணலைக் கையால் அள்ளுகிற மாதிரி. கூடவே ஈர மண் வாசனை. கண்ணைத் திறக்க முடியவில்லை.

விடிந்து பார்த்தால் படுக்கையில் மணல். செக்கச்செவேலென்று.

மெட்ராஸில் அந்த நிறத்தில் மணல் ஏது? அந்த வீட்டில் மட்டும் இருந்தது. பூஜை அலமாரியில், ஒரு செம்பில்.

அவள் கணவன் சண்முகவேல் பிறந்தது செம்மணல்விளையில். திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காடு. எங்கே பார்த்தாலும் சிவப்பு மணல்மேடு, ஒற்றை ஒற்றையாய்ப் பனை. ஆடிக்காற்று அடித்தால் மேடு இடம் மாறும். காலையில் வாசல் கதவு திறக்காது. கூரை வழியாக இறங்கி மணலைத் தள்ளுவார்கள். தண்ணீருக்கு ஊற்றுத் தோண்ட வேண்டும். அப்படித் தோண்டும்போதுதான் அவனுடைய முதல் மனைவி பேச்சியம்மாள் மேல் மேடு சரிந்தது. உடம்பு கிடைக்கவே இல்லை.

அதற்கப்புறம் ஊரே கலைந்தது. ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பி தி.நகரில் கடை போட்டது. கிளம்புகிறவர்கள் மாடசாமி கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துக்கொள்வார்கள், போகிற இடத்தில் சாமியை வைத்துக் கும்பிட. சண்முகவேலும் எடுத்து வந்திருந்தான்.

முத்துலட்சுமிக்குப் புருஷன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. ராத்திரி எழுந்து போய் அந்த மண்ணை அளைகிறாரோ?

"உண்மையச் சொல்லுங்க. அது சாமி மண்ணா, அவ புதைஞ்ச மண்ணா?"

"ஏளா, கிறுக்கா புடிச்சிருக்கு? கோயிலே மண்ணுக்குள்ள போயிட்டு. பனைய அடையாளம் வச்சுக் குத்துமதிப்பாத்தான் அள்ளுனேன். சாமி மண்ணுதாம்ளா."

"அப்ப படுக்கைக்கு எப்படி வந்துச்சு? நடந்தா?"

அவள் டிரங்குப் பெட்டியில் துணியை அடுக்கினாள். செத்தவளோடு குடித்தனம் நடத்துகிறவருக்கு நான் எதற்கு? இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டு, விடிந்ததும் ரயிலேறிவிட வேண்டியதுதான்.

அன்று ராத்திரி, அவன் தூங்கினதும், தன் முந்தானையை அவன் மணிக்கட்டில் இறுக்கி முடிந்தாள். எழுந்தால் இழுக்கும்... தெரிந்துவிடும்.

சரக்... சரக்...

கை குளிர்ந்தது. கண் திறந்தபோது அவள் தரையில் மண்டியிட்டிருந்தாள். பூஜை அலமாரி திறந்து கிடந்தது. முன்னால் செம்பு.

வாசற்படியில் சண்முகவேல். கையில் முந்தானை முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. முடிச்சிலிருந்து அவள் சேலையின் கிழிந்த துண்டு ஒன்று தொங்கியது.

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். பத்து நகத்திலும் சிவப்பு.

செம்புக்குள் மணல் நடுவே ஒரு குழி. அடியில்... கசிந்து, மெல்ல ஊறிக்கொண்டிருந்தது.

"முத்து..." என்றான் அவன்.

அவள் திரும்பினாள். வாய் தானாகத் திறந்தது. மண் அடைத்த தொண்டைபோல ஒரு குரல்.

"தண்ணி வந்துட்டு. குடத்த எடுத்துட்டு வாரும்."