மூன்று நட்டுகளின் மேல் மஞ்சள் கோடு

பெயர்: அடையாள அட்டையில் உள்ளபடி தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், தொழிலில் எல்லோரும் கூப்பிடுவது ஸ்பிரிங்காரர். வயது: 48. தொழில்: கார்களின் சஸ்பென்ஷன் வேலை மட்டும், இருபத்திரண்டு வருடமாக. முகவரி: தொழிற்பேட்டை மூன்றாவது குறுக்குத் தெரு, கண்ணாடி அறுக்கும் கடைக்கு அடுத்த கட்டடம், கீழே பட்டறை, மேலே வீடு.

நான் மேற்படி முகவரியில் என் மனைவியுடன் வசித்து வருகிறேன். கடந்த வியாழக்கிழமை மாலை இதே நிலையத்துக்கு வந்து, என் தங்கை கணவர் வெறித்தனமாகக் காரை ஓட்டி என் தங்கையின் தொடை எலும்பை முறித்துவிட்டார் என்று புகார் எழுதிக் கொடுத்தேன். அந்தப் புகாரின் பேரில் அவர் இப்போது காவலில் இருக்கிறார். அந்தப் புகார் பொய். அதை மாற்றிச் சொல்லவே இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

என் தங்கை கணவர் தனிப்பயிற்சி நிலையத்தில் கணக்கு வாத்தியார். கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகியும் மாப்பிள்ளை முறுக்கு இறங்காதவர். எனக்கும் அவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மூடிக்கிடக்கும் ஆலையின் மைதானத்தில் பிளாஸ்டிக் கூம்புகளை வைத்து, சின்னக் கார்களை வளைத்து வளைத்து ஓட்டி நேரம் பார்க்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. போன மாதம் அதில் இவரும் தன் காரோடு போய் ஒன்பதாவதாக வந்தார். ஒன்பது கார்கள்தான் ஓடின என்று என் தங்கை சொன்னபோது நான் சிரித்தது அவர் காதில் விழுந்துவிட்டது. அதன் பிறகு அவர் அச்சடித்த நான்கு தாள்களோடு பட்டறைக்கு வந்து, காரைத் திருப்பத்தில் சாயாமல் நிற்கும்படி செய்து தர வேண்டும் என்று கேட்டார்.

அவருடைய கார் ஐந்து கதவுள்ள சின்ன வண்டி. எஞ்சின் முன்னால், இழுப்பதும் முன்சக்கரம். நான் ஓட்டிப் பார்த்தேன். திருப்பத்தில் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது, மூக்கு வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போனது. அவருடைய தாள்களில், நான்கு விரற்கடை இறக்கும் கெட்டியான ஸ்பிரிங்கும், பின் அச்சில் சாய்வைத் தடுக்கும் தடித்த கம்பியும் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தது. நான் சொன்னது வேறு. முன்சக்கரத்தை உடம்போடு பிடித்திருக்கும் லோயர் ஆர்மில் ரப்பர் புஷ் கிழிந்திருக்கிறது, முதலில் அதை மாற்ற வேண்டும். அடுத்து நல்ல ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங் ஒரு விரற்கடை மட்டும் இறங்கட்டும். பின் கம்பியைப் பற்றி இரண்டு வாரம் ஓட்டிவிட்டுப் பேசலாம். இவ்வளவு இலேசான வண்டியில் பின்பக்கம் விறைத்தால், மழை ரோட்டில் வால் தனியாகக் கிளம்பிவிடும். அந்தக் காரில் என் தங்கையும் உட்கார்கிறாள்.

அவர் என் எதிரிலேயே பேனாவை எடுத்து, நான் வாயால் சொன்ன ஸ்பிரிங் எடைக் கணக்கைத் தாளில் போட்டு, இரண்டு இடத்தில் தப்பு என்று சுழித்துக் காட்டினார். அப்போது பட்டறையில் வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். கணக்கு தப்புதான். வண்டிக்கு நான் சொன்ன முடிவு தப்பில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, முதலில் என் வேலை நடக்கட்டும், கம்பி அப்புறம் என்று பேசி முடித்தேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காரை விட்டுச் சென்றார். ஷாக், ஸ்பிரிங், இரண்டு பக்க லோயர் ஆர்ம் எல்லாவற்றையும் நான் ஒருவனே மாற்றினேன். இங்கே ஒரு விஷயத்தை அதிகாரி கேட்டபடி விளக்கிச் சொல்கிறேன். கார் லிப்டில் தொங்கும்போது ஆர்ம் போல்ட்டுகளை முழுக்க முறுக்கக் கூடாது. அப்படி முறுக்கினால், கார் கீழே இறங்கியதும் புது ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துவிடும். அதனால் கையால் திருகி, ஸ்பானரில் ஒரு சுற்று மட்டும் கொடுத்துவிட்டு, காரை இறக்கி, பக்கத்தில் ஆள் இறங்கி வேலை பார்க்கும் குழியின் மேல் தள்ளி நிறுத்தி, வண்டி தன் எடையோடு நிற்கும்போது கீழிருந்து, முறுக்கின் அளவைக் காட்டும் அளவு ஸ்பானரால் இறுதி முறுக்குக் கொடுப்பது வழக்கம். முறுக்கியதும் நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்த்து மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு நேர்க்கோடு போடுவேன். பிற்பாடு நட்டு கழன்றால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கோடு போட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். கோடு இல்லாமல் ஒரு வண்டியும் என் வாசலைத் தாண்டியதில்லை.

பிற்பகல் மூன்று மணிக்குக் காரை லிப்டிலிருந்து இறக்கினேன். அப்போது அவர் தோளில் நீளமான அட்டைப்பெட்டியோடு வந்து, பின் கம்பியை வாங்கிவந்துவிட்டேன், இன்றே மாட்டுங்கள் என்றார். பேசி முடித்ததை நான் நினைவுபடுத்தினேன். என் காருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்றார். வால் கிளம்பும் என்று மறுபடியும் சொன்னேன். அந்த மைதானத்தில் எனக்கு அதுதான் வேண்டும் என்றார். மைதானத்துக்கு மட்டுமா இந்தக் கார் போகிறது என்று கேட்டேன். அதன் பிறகு அவர், பட்டறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சொன்னது:

"உங்க தங்கச்சியக் கட்டிக்கிட்டேன் மச்சான். உங்க பேச்சையும் சேத்துக் கட்டிக்கணும்னு யாரும் சொல்லலையே."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட அவரை நான் ஒருமையில் பேசியதில்லை, அன்று பேசினேன்.

"எடுத்துட்டுப் போடா உன் வண்டிய. இனிமே இந்த வாசப்படி ஏறாத."

சாவியை அவர் காலடியில் விட்டெறிந்தேன். அவர் குனிந்து எடுத்தார், பெட்டியைப் பின் இருக்கையில் சாய்த்து வைத்தார், ஓட்டிப் போனார். குழிக்கும் காருக்கும் நடுவில் பத்தடி தூரம் இருந்தது.

அவர் போனபின் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். அளவு ஸ்பானரை எடுக்கக் கை நீண்டபோதுதான் ஒரு ஆர்முக்கு இரண்டாக நான்கு நட்டுகளும் இறுதி முறுக்கு வாங்காமல் போய்விட்டன என்பது உறைத்தது. நேரம் மூன்று இருபது இருக்கும். உடனே போனை எடுத்து அவருடைய எண்ணை எடுத்தேன். அழைக்கவில்லை. இதை மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியும்; மறக்கவில்லை. நாலைந்து கிலோமீட்டர் போனால் முன்பக்கம் டொக் டொக் என்று சத்தம் வரும், கணக்கு வாத்தியாருக்கு ஒன்றும் புரியாது, திரும்பி வந்து வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார் என்று நினைத்தேன். அப்படி அவர் வந்து நிற்பதைப் பார்க்க ஆசைப்பட்டேன். ஆறு மணிவரை தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அதன் பிறகு பட்டறையைச் சாத்திவிட்டு மேலே போய், இரண்டு நாளில் தானாக வருவார் என்று என் மனைவியிடம் சொன்னேன். எதற்கு வருவார் என்று அவள் கேட்டாள். சாப்பாடு எடுத்து வை என்றேன்.

என் தங்கை வழக்கமாகப் பேருந்தில் வேலைக்குப் போவாள். வியாழக்கிழமை காலை மழை பெய்ததால் அவர் காரில் அழைத்துப் போயிருக்கிறார். எட்டே முக்கால் மணியளவில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து இறக்கத்தில் பிரேக் போட்டபோது, இடது முன்சக்கரம் ஆர்மோடு பின்னால் நகர்ந்து, கார் இடப்பக்கமாக இழுத்துத் தடுப்புச் சுவரில் மோதியது. இடப்பக்கம் இருந்தது என் தங்கை.

தகவல் வந்து மருத்துவமனைக்கு ஓடினேன். என் தங்கை கணவர் அறுவைச் சிகிச்சை அறைக்கு வெளியே, அவளுடைய ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் அவர் சட்டையைப் பிடித்து, வேக வெறி பிடித்தவன், கூம்பு விளையாட்டுக்கு என் தங்கையைப் பலி கொடுக்கப் பார்த்தவன் என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் என் கையைத் தட்டிவிடவில்லை. பிற்பகலில் என் தங்கைக்கு நினைவு வந்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அவர் மெதுவாத்தான் ஓட்டினார். அவரை ஒண்ணும் சொல்லாத."

புருஷனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று அங்கிருந்த நர்ஸ் அம்மாவிடம் சொன்னேன். அவள் சொன்னது உண்மை என்று அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபோதே எனக்குத் தெரியும். அங்கிருந்து நேராக இந்த நிலையத்துக்கு வந்து புகார் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை நண்பகல், விபத்து வண்டிகளை நிறுத்தும் வளாகத்துக்குப் போய், தங்கையின் கைப்பை காரில் இருக்கிறது என்று காவலாளியிடம் சொல்லி உள்ளே சென்றேன். கைப்பை உண்மையிலேயே இருந்தது. அதை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, காருக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். இடது ஆர்மின் பின் போல்ட்டைக் காணோம். அது மோதியதில் உடைந்து விழுந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். மற்ற மூன்று நட்டுகளும் இருந்தன, மூன்றும் விரலால் சுழன்றன. ஸ்பானர் கொண்டு போகவில்லை. பெயிண்ட் பேனா எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். கைக்குட்டையால் சேற்றைத் துடைத்துவிட்டு, மூன்றிலும் கோடு போட்டேன். பட்டறையில் போடுவது போலவே நேராகப் போட்டேன். அப்போது அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

இன்று திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி அழைத்ததன் பேரில் ஆஜரானேன். வாகன ஆய்வாளர் எடுத்த படங்களை மேசை மேல் வைத்தார்கள். நட்டு கையால் சுழல்கிறது, கோடோ உடையாமல் நேராக இருக்கிறது, இது எப்படி என்று அதிகாரி கேட்டார். கழன்ற நட்டின் மேல் நேர்க்கோடு இருந்தால், கழன்ற பிறகுதான் அது போடப்பட்டது. என் தொழிலில் இல்லாதவன் கோடே போட்டிருக்க மாட்டான். இருபத்திரண்டு வருடப் பழக்கம் என்னை மாட்டிவிட்டது. ஆனாலும் நான் அசரவில்லை. அந்த ஆள் பின் கம்பி மாட்டுகிறேன் பேர்வழி என்று எல்லாவற்றையும் தானே கழற்றி, தானே கோடும் போட்டிருப்பான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அதிகாரி, என் தங்கை கணவர் சனிக்கிழமை கொடுத்த வாக்குமூலத்தை எடுத்து ஒரு பகுதியை வாசித்தார். அதை நான் இரண்டாவது முறையும் வாசிக்கச் சொன்னேன். அதில் இருந்தது:

"எனக்கும் என் மச்சானுக்கும் ஆகாது. ஆனால் அவர் கை வைத்த நட்டு கழலாது. அதனால் நான்தான் ஏதோ தவறாக ஓட்டியிருக்க வேண்டும். என்னவென்று எனக்கே தெரியவில்லை."

சத்தம் கேட்டதா என்றும் அவரிடம் விசாரித்திருக்கிறார்கள். புதன்கிழமை சாயங்காலமே கேட்டது, புது ரப்பர் படியும்வரை அப்படித்தான் இருக்கும் போல என்று விட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். நான் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில், அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வீட்டுக்குப் போயிருக்கிறார். என் வேலையை நம்பித்தான் அவர் திரும்பி வரவில்லை.

அதன் பிறகு நான் தண்ணீர் கேட்டேன், கொடுத்தார்கள். குடித்துவிட்டு, முதலிலிருந்து எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் மேல் எனக்குப் பாசம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். இப்போதும் அந்த ஆளைக் கண்டால் எனக்கு ஆகாது. கர்வம் பிடித்தவர், என் கணக்கை நாலு பேர் எதிரில் சுழித்தவர். இந்த வார்த்தைகளை அடித்துவிடலாமா என்று அதிகாரி கேட்டார். இருக்கட்டும் என்றேன். அவர் தன் வாக்குமூலத்தில் என்னைத் திட்டி இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால், நான் ஆரம்பித்த பொய்யைச் சொல்லி முடித்திருப்பேன்.

அவர் வேகமாக ஓட்டவில்லை. அவரை விட்டுவிடுங்கள். நான் கை வைத்த நட்டு கழலாது என்று அவருடைய வாக்குமூலத்தில் இருப்பது தவறு. அது கழலும் என்று புதன்கிழமை மூன்று இருபதுக்கே எனக்குத் தெரியும்.

மேலே உள்ளதை எனக்கு வரிவரியாக வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். யாருடைய மிரட்டலுக்கும் பயந்து சொல்லவில்லை. வியாழக்கிழமை கொடுத்த புகாரை ரத்து செய்து, இதையே என் சொல்லாக வைத்துக்கொள்ளும்படி கேட்டுக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
ஸ்பிரிங்காரர்